சிவப்புப் பென்சில் போட்ட நாட்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒண்டுக் குடித்தனம்: நான், கணவர், மாமியார். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாதாமாதம் நாள் தவறாமல் நான் ரேழியில் ஒதுங்கி உட்காருவதைப் பார்த்து மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. பிள்ளைக்கு இன்னொரு கல்யாணம் செய்வதைப் பற்றி, என் காதில் விழுகிற மாதிரியே பக்கத்துப் போர்ஷனில் பேச ஆரம்பித்திருந்தார்.

அடையாறில் ஒரு லேடி டாக்டர் தெர்மாமீட்டரும் கிராஃப் தாளும் கொடுத்தார். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், பேசாமல், நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளியானபின் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறி, விலக்காகும் வரை அப்படியே நிற்குமாம்.

ரேழியில் படுத்திருந்த ஒரு காலையில் மாமியார் எட்ட நின்று கேட்டார். "தெனம் ஜுரம் பாத்துக்கறயே, என்னடி வியாதி? உங்காத்துல மறைச்சுட்டாளா?"

வாயில் தெர்மாமீட்டர் இருந்ததால் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

மூன்று மாதமும் கோடு பதினாறாம் நாளுக்குப் பிறகு ஏறியது. "உனக்கு எல்லாம் சரியா இருக்கும்மா. நாள் தவறாம வர்றதால முன்கூட்டியே சொல்லிடலாம். பதிமூணுலேருந்து பதினாறு வரைக்கும் அவர் ஊர்ல இருக்கட்டும்" என்றார் டாக்டர். அந்த நாட்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தேன்.

கணவருக்கு ஆடிட் வேலை. சிவப்புப் போட்ட முதல் மாதம் அதே நாட்களில் செங்கல்பட்டு கேம்ப். அடுத்த மாதம் வேலூர். மூன்றாவது மாதம் காஞ்சிபுரம். வேறு யாரோ இருக்கிறாள் என்று நினைத்து, அவர் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன். பஸ் வாசனைதான் அடித்தது. அப்புறம் டிரங்குப் பெட்டியில் புடவைக்கடியில் வைத்த கிராஃப் தாளைப் பார்த்தேன். நான் மடித்த மாதிரி இல்லை.

அடுத்த மாதம் வேண்டுமென்றே சிவப்பை இருபத்திரண்டாம் நாளிலிருந்து போட்டேன். உண்மையான நாட்களில் மனிதர் உற்சாகமாக வீட்டில் இருந்தார்; பாண்டி பஜாருக்குக்கூட அழைத்துப் போனார். இருபத்தோராம் நாள் பையை எடுத்தார்.

"எங்கே?"

"திண்டிவனம். கேம்ப்."

"இந்தத் தடவை நாளை மாத்திப் போட்டிருக்கேன்."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "பதினெட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் கீழ விதை வரைக்கும் எறங்கிடுத்து. பின்னால கொழந்தை பொறக்கறது சந்தேகம்னு டாக்டர் அப்பவே சொன்னார். நான் ஊர்ல இல்லாததால ஆகலேன்னே இருந்துட்டுப் போகட்டும்னு..."

"பழி மட்டும் என் தலையிலயா?"

எனக்கு அழுகை வரவில்லை. நான்கு வருஷமாக அரசமரம் சுற்றிய என் கால்களை நினைத்து ஆத்திரம்தான் வந்தது.

அந்த மாதமும் தவறாமல் ரேழிக்கு வந்தேன். மாமியார் எட்ட நின்று சாதம் போட்டுக்கொண்டே, "இன்னும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கறது?" என்றார். பாய்க்கடியிலிருந்து கிராஃப் தாளை எடுத்துத் தரையில் தள்ளினேன். தீட்டுக் காகிதம், அவர் தொடமாட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லேன்னு அதுல இருக்கு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்கோ. மிச்சத்தையும் நீங்களே சொல்லிடுங்கோ."

குனிந்து எடுத்தார். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தவர் போல வாய் திறக்காமல் நின்றார். மாமியார் பிள்ளையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். இன்னொரு கல்யாணப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.