ஏழாம் பலகையின் துண்டு

என் வீட்டுக்காரருக்கு ஊரில் வேக்காட்டுக்காரர் என்று பெயர். சின்னப் படகுகள் கட்டுகிறவர். பிளைவுட் வாங்கினால் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு அறுத்து, பென்சிலால் எண் போட்டு, என் அடுப்பில் ஏற்றிவிடுவார். நாலு மணி நேரம் கொதிக்க வேண்டும், ஒரு நாள் காய வேண்டும், மறுபடி நாலு மணி நேரம். அதற்குப் பிறகும் அடுக்குகள் விரியாமல் இருந்தால்தான் அந்தப் பலகை படகுக்குப் போகும். "அதான் தண்ணி தாங்கும்னு 'மரைன்' முத்திரை குத்தியிருக்கே, அப்புறம் என்ன?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "முத்திரை மேல இருக்கு. பசை உள்ள இருக்கு" என்றார் இவர்.

விரலால் தட்டிப் பார்ப்பது, அடுக்குகளை எண்ணுவது, நடுவில் சந்து தெரிந்தால் கடையிலேயே திருப்பிவிடுவது எல்லாம் அவர் வேலை. கொதியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் பட்டறையில் இருப்பார். நான் தண்ணீர் குறையக் குறைய ஊற்றி, நேரம் ஆனதும் துண்டுகளை எடுத்து வைப்பேன். "ஆயிடுச்சு" என்று நான் சொன்னால் மறுகேள்வி கிடையாது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். வீடு முழுக்க மரவாடி வாசனை. வருகிறவர்கள் "இன்னிக்கு என்ன, பலகைக் குழம்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

என் தம்பிக்குப் படகு கட்டியபோதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பாத்திரத்தில் ஆறு துண்டுதான் கொள்ளும். ஏழாவதைத் தனியாக ஏற்றியிருந்தேன். அதன் இரண்டாம் கொதி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். இருப்பது ஒற்றை அடுப்பு. துண்டை எடுத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ஆறும் தாங்கியிருக்கிறது, ஒரே கடை, ஒரே கட்டு, இதற்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று துடைத்து வைத்துவிட்டேன். அவர் வந்து கேட்டார். "ஆயிடுச்சு" என்றேன். ஏழாம் பலகை படகின் அடிப்பக்கத்துக்குப் போனது. பெயின்ட் காய்ந்ததும் தம்பி படகை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தினமும் மதியம் கழிமுகம் தாண்டித் தனியாக வலை போடப் போகிறவன்.

இரண்டு வாரம் கழித்து, வேறு யாரோ கட்டிய படகு ஒன்று பழுது பார்க்க எங்கள் பட்டறைக்கு வந்தது. அடிப்பலகை ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து தொங்கியது. உள்பக்கத்தில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. பார்த்ததும் எனக்கு ஏழாம் பலகைதான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. பாத்திரத்தைக் கையில் எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்று மறந்துவிடும். குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். தம்பி கரைக்கு வந்துவிட்டான் என்று தெரியும்வரை சோறு இறங்கவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, பட்டறைப் பரணில் போட்டு வைத்திருந்த பழைய துண்டுகளைக் கிளறி, ஏழு என்று எழுதியிருந்ததை எடுத்துவந்து அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அவர் உளி தேடி உள்ளே வந்தார்.

"இப்ப எதுக்கு இது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வெந்து முடியட்டும், பாத்துட்டு..." என்று இழுத்தேன்.

"முடியறதுக்கு நாளைக்கு ஆயிடும். அவன் மத்தியானமே போயிடுவான்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். தம்பி என்னிடம் வந்து, "என்னக்கா, என் பொழப்பையும் சேர்த்து வேக வைக்கிறியா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "ஏன்டா, முங்கிப் போனா மட்டும் நல்லா பொழைச்சிடுவியா?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது, ஏச்சு அவனுக்கு.

முதல் கொதி, ஒரு நாள் காய வைத்தல், இரண்டாம் கொதி. நான் அடுப்பை விட்டு நகரவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்ததும் அவர் உளியை அடுக்குக்கு நடுவே செருகி நெம்பினார். மரம்தான் சிராய் சிராயாகக் கிழிந்தது. பசை பிடி விடவில்லை. இன்னொரு மூலையிலும் நெம்பினார். அங்கேயும் அப்படித்தான்.

"நல்ல பலகை. நீ போய்ட்டு வா" என்றார் தம்பியிடம். அன்று சாயங்காலமே படகு தண்ணீரில் இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையலறையில் நின்று அழுதுகூட விட்டேன்.

அடுத்த வாரம் புதுப் பலகைகள் வந்தன. துண்டுகளை அறுத்து, எண் போட்டு, அடுப்பில் ஏற்றினார். "நீங்க பட்டறைக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பரவால்ல, இருக்கட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பட்டறைக்குப் போய் முக்காலியைத் தூக்கிவந்து, அடுப்புக்கு எதிரே போட்டு, நாலு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்.