நாக்கை நீட்டச் சொல்லும் தட்டக்கா

“எங்கே, நாக்கை நீட்டு பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே, மேசைமேல் கிடக்கும் கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவ் பொத்தானை அமுக்குகிறாள் தட்டக்கா. தட்டு முனகியபடி வெளியே வருகிறது. நெற்றியில் கட்டியிருக்கும் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கிறாள். வாயால் ஒரு ஊது ஊதிவிட்டு, சுண்டுவிரலால் தட்டை உள்ளே தள்ளுகிறாள். அந்தக் கம்ப்யூட்டர் வந்ததென்னவோ கீபோர்டு வேலை செய்யவில்லை என்றுதான். ஆனால் என்ன நோய் என்று வந்தாலும் முதலில் நாக்கைக் காட்டித்தான் ஆகவேண்டும். அது அவள் கடைச் சட்டம்.

தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இருபத்திரண்டு படி ஏறினால் அவள் கடை. ஐம்பதை நெருங்கும் வயது. கொண்டையில் எப்போதும் நிமிர்த்திய பேப்பர் கிளிப் ஒன்று செருகியிருக்கும். திறக்க மறுக்கும் டிரைவின் ஊசித் துளைக்குள் அதை விட்டு ஒரு குத்து விட்டால், எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரத் தட்டும் வெளியே வந்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவள் தட்டக்காதான். “பொண்ணு பாக்கப் போனப்ப சுத்தி ஆளுங்க இருந்தாங்க. இல்லன்னா என்னையும் நாக்கை நீட்டச் சொல்லியிருப்பா” என்று அவள் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததே இல்லை.

யாராவது டிஸ்க்கைக் கொண்டுவந்து “இது போச்சுக்கா” என்றால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். எந்த டிரைவில் போட்டாய் என்பதுதான் முதல் கேள்வி. சில டிரைவுக்கு சிடி மட்டும்தான் தெரியும். சிலது டிவிடி படிக்கும், எழுதாது. கூட்டல் குறி போட்ட டிஸ்க்கை ஏற்றுக்கொண்டு, கழித்தல் குறி போட்டதைத் துப்பிவிடும் வீம்புக்காரர்களும் உண்டு. “படிக்கத் தெரியாதவன்கிட்ட லெட்டரைக் குடுத்துட்டு, எழுதினவன் மேல குத்தம் சொன்னா எப்படி?” என்பாள். பிஸ்கட் டின் ஒன்றில் வகைக்கு ஒன்றாகச் சோதனை டிஸ்க்குகள் வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக ஊட்டிப் பார்த்து, எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் படியேறி வந்தார். கைக்குட்டையில் சுற்றிய டிஸ்க் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் மகளுக்குப் பதினாலு வயது. இரண்டு வயதில் இதயத்தில் சின்ன ஓட்டை இருப்பதாக ஸ்கேன் எடுத்துச் சொன்னார்களாம், வளர வளரப் பார்க்கலாம் என்று விட்டார்களாம். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. காகிதமெல்லாம் வீடு மாறும்போது மழையில் நனைந்து கூழாகிவிட்டது. மிஞ்சியது இந்த டிஸ்க் ஒன்றுதான். இப்போது பார்க்கிற டாக்டர் அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்.

“பழைய படம் இருந்தா கொண்டாங்கன்னு சொன்னாரும்மா. அப்ப இருந்ததைவிட இப்ப பெருசாகலன்னா, கத்தியே வேணாமாம்.”

மூன்று கடையில் காட்டியிருக்கிறார். மூன்று பேரும் அடிப்பக்கம் முழுக்கக் கீறல் என்று கையை விரித்துவிட்டார்கள். தட்டக்கா டிஸ்க்கை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். செங்கல் அடுக்கியதுபோல் வரிசை வரிசையாகக் குட்டிக் கோடுகள். கீறல் இப்படி ஒழுங்காக விழுமா? அது டிவிடி ரேம் என்ற வகை. அந்தக் கோடு ஃபேக்டரியிலேயே போட்டது. ஸ்கேன் மெஷின் சிலவற்றில் ஒரு காலத்தில் அதைத்தான் போடுவார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த டிரைவ் வேண்டும்.

அலமாரியில் பதினொரு பழைய டிரைவ்கள் இருந்தன. எந்த டிரைவ் எந்த வகையைப் படிக்கும் என்பது அதன் முகப்புத் தகட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பதினொன்றின் முகத்தையும் படித்தாள். ஒன்றில்கூட ரேம் என்ற எழுத்து இல்லை. தன்னிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை, இருந்தும் சொன்னாள். வேன்காரர் டிஸ்க்கைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார்.

“பரவால்லம்மா. கீறல் இல்லைன்னாவது சொன்னீங்களே” என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனசு கேட்காமல் மிச்ச வேலையில் உட்கார்ந்தாள். கறுப்புக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு வெள்ளை முகம் வைத்த டிரைவ் பொருந்தவில்லை என்று யாரோ கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல இரண்டு கொக்கியை நெம்பி வெள்ளைத் தகட்டைக் கழற்றினாள். வேறொன்றின் கறுப்புத் தகட்டை எடுத்து மாட்டப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

எட்டு வருஷமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்! நிறம் பொருந்தவேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகத்தை மாற்றி மாற்றி மாட்டியிருக்கிறாள். அலமாரியில் இருப்பதில் பாதி, அடுத்தவன் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகத்தைப் படித்துவிட்டுத்தான் ஒரு தகப்பனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஊரே டிஸ்க்கைக் குறை சொன்னது என்று சண்டைக்குப் போகிறவள், செய்த காரியம் இது. வெட்கத்தில் காது சுட்டது.

நெற்றி டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் படிகளில் ஓடினாள். அப்போதுதான் கிளம்பிய வேன் தெருமுனையில் திரும்பப் போனது. பட்டப்பகலில் நெற்றியில் விளக்கெரிய ஒரு பெண்பிள்ளை குறுக்கே ஓடிவந்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்?

திரும்பி வந்து பதினொன்றையும் மேசையில் பரப்பினாள். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் இணைத்து, டிரைவுக்கு என்னென்ன படிக்கத் தெரியும் என்று அதனிடமே கேட்டுச் சொல்லும் சின்ன மென்பொருளை ஓட்டினாள். திரையில் வகைகளின் பட்டியல் வரும். தெரிந்ததற்கு எதிரே டிக் விழும். ஆறு டிரைவ்களுக்கு ரேம் கட்டம் காலியாகவே இருந்தது. வேன்காரர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏழாவதுக்கு டிக் விழுந்தது. அதன் முகத்தில் சிடி என்று மட்டும் எழுதியிருந்தது.

டிஸ்க்கைப் போட்டார்கள். உள்ளே ஏதோ கரகரவென்று தேடியது, நின்றது, மறுபடி தேடியது. பிறகு திரையில் கறுப்பு வெள்ளையில் மங்கலாக ஏதோ மூடித் திறந்துகொண்டிருந்தது.

“இது என்னம்மா, புகை மாதிரி?”

“உங்க பொண்ணு இதயம்ணே. ரெண்டு வயசுல” என்றாள் தட்டக்கா.

அவர் கைக்குட்டையைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். படங்களைச் சாதாரண டிவிடியில் இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே கொடுத்தனுப்பினாள்.

அடுத்த நான்கு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவ் டிஸ்க்கைப் படித்துவிட்டதே தவிர, படத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதே. சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“பெருசாகலம்மா. சுருங்கித்தான் இருக்காம். ஆபரேஷன் வேணாம்னுட்டார். வருஷத்துக்கு ஒருதடவை காட்டினா போதுமாம்” என்றார் வேன்காரர். பின்னால் அந்தப் பெண் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சரிண்ணே” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையில் பழைய டிரைவ் வாங்க வந்த ஒருவர் அந்த நேரம் பார்த்து, அலமாரியிலிருந்து ஏழாவதையே எடுத்து இது என்ன விலை என்று கேட்டார். தட்டக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, ‘விற்பனைக்கு இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் முகத்தில் ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள்.