செத்த பிள்ளையின் வேஷம்

கிரின்ஸ்டெட் என்ற இந்த டேனிஷ் ஊரில் முதல் தமிழ்க் கடையைத் திறந்தவன் நான். மிளகாய்த்தூள் மணக்கிறது என்று கொம்யூன் என்கிற நகரசபைக்கு முறைப்பாடு எழுதிய பக்கத்துக் கடைக்காரனின் பேரப்பிள்ளைகள் இன்று என்னிடம்தான் றோல்ஸ் வாங்கித் தின்கிறார்கள். வங்கி கடன் தராமல் அனுப்பியபோது, ஒருவரும் சீண்டாத பழைய கோழிக் கொட்டகை ஒன்றை வாங்கிக் கலியாண மண்டபமாக்கினேன். கூரை போட்டதும் இந்தக் கைதான், மணவறைக்குப் பூச் சுற்றியதும் இந்தக் கைதான். ஒன்பதாம் வகுப்பைக்கூட நான் ஒழுங்காக முடிக்கவில்லை. இதையெல்லாம் சனம் ஒப்புக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை: இந்த நாட்டுக்கு ஒரு பெரிய நடிகனைச் செய்து கொடுத்தவனும் நான்தான்.

சிரிக்க வேண்டாம். போன கிழமை தொலைக்காட்சியில் அவனுடைய வாழ்க்கையைக் காட்டினார்கள். இங்கிலீஷ் படங்களில் வில்லனாக வந்தது, அதிகம் பேசாத துப்பறிவாளனாகத் தொடரில் வருடக்கணக்காக நடித்தது, விருது வாங்கியது, விவாகரத்து, நாய் என்று ஒன்றையும் விடவில்லை. "முகத்தில் ஒன்றும் அசையாமலே நடிக்கிறீர்கள், அதை எங்கே கற்றீர்கள்?" என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். அவன் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு, இந்த யூலண்டுப் பக்கத்து வயல்வெளிகள் கற்றுத் தந்தன என்றான்.

வயல்வெளியாம்! ரிமோட்டைக் கதிரையில் எறிந்தேன். மகள், "ஸ்லாப் ஏ, அப்பா" என்றாள். நான் அமைதியாக இருக்கட்டாம்.

அவன் எங்கள் பக்கத்து வீட்டு டேனிஷ் பெடியன். அப்பா முதலில் இங்கே வந்து, பிறகுதான் அம்மாவையும் என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டார். வந்து ஒரு குளிர்காலம் கழிந்திருக்கும். தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்குப் பையன் தேடி ஒரு இயக்குநர் பெண் எங்கள் பள்ளிக்கு வந்தாள். ஆற்றில் மூழ்கிச் செத்த பிள்ளையின் கதை. கரையில் கிடத்தியிருக்கும் அவன் முகத்துக்குக் கிட்டக் கமரா வரும்; கண்மடல்கூட அசையக் கூடாது.

வகுப்பில் எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னாள். டேனிஷ் பிள்ளைகளுக்கு அது ஏலவில்லை. ஒருவன் சிரித்தான், ஒருத்தி மூக்கைச் சொறிந்தாள். நானும் படுத்தேன். குனிந்து பார்த்த இயக்குநர் பயந்துபோய் ஆசிரியரைக் கூப்பிட்டாள். கறுத்த பிள்ளை கதைக்குப் பொருந்துமா என்று ஆசிரியர் கேட்க, சேறு பூசினால் எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்றாள். வேஷம் எனக்கு.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டான் தனக்கும் பழக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான். இரண்டு பேரும் தலையை நனைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கம்பளத்தில் படுத்தோம். மூச்சை நெஞ்சால் விடாதே, அடிவயிற்றால் விடு. நாக்கை மேலே ஒட்டிக்கொள். கண்மடல் துடித்தால் கால் பெருவிரலை நினை. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை.

தொழிற்சாலையால் வந்த அம்மா கதவைத் திறந்தாள். கையிலிருந்த பை விழுந்த சத்தம் கேட்டது.

"எழும்புங்கோடா! எழும்புங்கோ எண்டுறன்!"

எனக்கு ஒரு அடி, அவனுக்கு ஒரு அடி. நான் எழும்பிவிட்டேன். அவன் அடி வாங்கியும் கண் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். அம்மா அவனைத் தூக்கி உலுக்கினாள். பிறகுதான் சிரித்தான். துவாயை எடுத்து எங்கள் தலைகளைத் தோல் உரியத் துடைத்தாள்.

"அம்மா, நான் டிவியிலை வரப்போறன்."

"செத்துப்போய் வரப்போறியோ? உயிரோடை வாற வேஷமெண்டால் போ."

அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார். "இஞ்சரும், அது நடிப்பெல்லே?"

"நடிப்பெண்டு உங்களுக்குத் தெரியும். வாற சனியனுக்குத் தெரியுமோ?"

மறுநாள் இயக்குநரே பூங்கொத்தோடு வந்தாள். அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்: "கடைசியிலை பிள்ளை கண்ணை முழிச்சு எழும்ப வேணும். அப்பிடியெண்டால் சம்மதம்." கதையே பிள்ளை செத்ததுதான் என்று அந்தப் பெண் விளக்கினாள். அம்மா பூவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு மனிசிக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்குமா? நான் மூன்று நேரம் சாப்பிடாமல் கிடந்தேன். வேஷம் பக்கத்து வீட்டானுக்குப் போனது. என்னுடைய மூச்சோடும் என்னுடைய கால் பெருவிரலோடும் அவன் கரையில் கிடந்தான். நாடே அழுததாம். அவனுடைய வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

படப்பிடிப்பு முடிந்து பெருமையடிக்க வந்தவனை அம்மா வாசலில் மறித்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டு நாவூறு கழித்தாள். புகையில் அவன் தும்மிய தும்மலுக்கு அவனுடைய தாய் ஓடி வந்தாள். "ஆரின்ரை பிள்ளையெண்டாலும் பிள்ளைதானே" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவன் எத்தனையோ படங்களில் சுடப்பட்டும் குத்தப்பட்டும் செத்துவிட்டான். ஆள் கல்லுப் போல இருக்கிறான். அதையும் நிகழ்ச்சியில் சொல்லவில்லை.

அசையாமல் படுப்பது எனக்குப் பிறவியிலேயே வந்த கெட்டித்தனம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஊரில் குண்டு போடப் பொம்பர் விமானம் வந்தால் அம்மா எங்களைக் குப்புறத் தள்ளி, "அசையாதையுங்கோ" என்பாள். சத்தம் போன பிறகு ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்ப்பாள். நன்றாகப் படுத்திருக்கிறேன் என்ற பெருமையில், தொட்டதும் எழும்பாமல் கொஞ்ச நேரம் கிடப்பேன். அது எனக்கு விளையாட்டு. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு என்னவாக இருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. வேஷத்தைக் கெடுத்துவிட்டாள் என்ற கோபம்தான் வருடக்கணக்காக இருந்தது.

ஆகவே, நடிகர் அவர்களே, வயல்வெளியை விடும். வயலில் படுத்து ஒருவரும் இதைப் பழகவில்லை. அடுத்த பேட்டியில், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெடியன் பழக்கினான், அவனுடைய தாய் என்னை எழுப்பினாள் என்று சொல்லும். இரண்டையும் சொல்ல நேரம் காணாதென்றால், நாயைப் பற்றிச் சொல்வதைக் குறைத்துக்கொள்ளும்.