துரை கழற்றிய தொப்பி

ஏற்காட்டு மலையில், ஒண்டிக்கடை என்கிற முக்கில் பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே மிளகும் காப்பித்தூளும் விற்றுக்கொண்டிருந்தார் பஷீர் அகமது. அவரைப் பற்றிக் கெட்டது சொல்ல அங்கே ஆள் கிடையாது. வெள்ளைக்காரன் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்த சமயம் அது. தராசில் கை வைக்க மாட்டார். மலைக்காரர்கள் கொண்டுவரும் சரக்கை மட்டம் தட்ட மாட்டார். ஒரே ஒரு பழக்கம், மழையில் பஸ் நின்றுபோனால் கடைக்குள் ஒதுங்குகிற வெளியூர்க்காரர்களுக்குக் கதை சொல்லுவார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்லுவார்.

நல்ல பெயர் இருந்ததால்தான் பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலைக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அங்கே மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊற்றிலிருந்து முதல் குடம் எடுக்கும் உரிமை, அந்த ஊற்றைக் கண்டவர் வீட்டுப் பெண்ணுக்கு. எப்போதும் பாவாயி வீட்டில்தான் எடுப்பார்கள். இந்த வருசம் சித்தன், “கண்டது எங்க பாட்டன்” என்று கிளம்பிவிட்டான். பஷீர் இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத ஆள். அவர் வாயால் வருகிறதற்குக் கட்டுப்படுவோம் என்றார்கள்.

ஊற்றின் கரையிலிருந்த பலாமரத்தடியில் உட்கார்ந்து விசாரித்தார். பாவாயி முதலில் சொன்னாள்.

“எங்க மாமியாளோட மாமியா அத்தாயி, காணாமப் போன கன்னுக்குட்டியத் தேடிப் போனாங்களாமுங்க. அது சேத்துல நின்னுச்சாம். அந்த எடத்தத் தோண்டுனாங்க, தண்ணி வந்துச்சு.”

“எந்த வருசம்?”

“தெரியலீங்க.”

“கூட யாரு இருந்தா?”

“அதுவும் தெரியலீங்க.”

“அப்புறம் என்னாச்சு?”

“கன்னுக்குட்டிய ஓட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்திருப்பாங்க. வேறென்னங்க ஆகும்?”

கூட்டம் சிரித்தது. பஷீருக்கும் சப்பென்று இருந்தது.

அடுத்து சித்தன். பெரிய பஞ்சமாம், அவன் பாட்டன் பாறையில் கடப்பாறையை இறக்கினாராம், தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியதாம். குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாராம். பக்கத்துக் காட்டு ஐயாக்கண்ணுவும் அதையே சொன்னான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயரும் அதையே சொன்னார், தொப்பியை மறக்காமல்.

“மூணு பேரும் வேற வேற எடத்து ஆளு. மூணு பேர் வாயிலயும் அந்தத் தொப்பி வருதே! பொய்யின்னா அது எப்படிப் பொருந்தும்?” என்றார் பஷீர். முதல் குடம் சித்தன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்.

பாவாயி சண்டை போடவில்லை. “எனக்குக் கதை சொல்ல வரலீங்க பாய்” என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

நோம்பி அன்று காலை பஷீர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தலைச்சோலையில் மாலை மரியாதை காத்திருந்தது. பேரன் பிறந்ததற்கு சேலம் போயிருந்த அவர் மனைவி ஆசியா முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். தான் தீர்த்துவைத்த வழக்கை அவளிடம் பெருமையாகச் சொன்னார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ஏனுங்க, அந்தத் தொப்பிய மாட்டுனது நீங்கதானுங்களே?”

“என்னம்மா ஒளர்ற?”

“நம்ம மக ஜைனப் கைக்கொழந்தையா இருக்கயில, ஒரு மழைக்கு மெட்ராஸ்காரரு ஒருத்தரு பெரிய தொப்பியோட ஒதுங்குனாரு. அவரப் பாத்துத்தான் கதையில துரைக்கும் ஒண்ணு போட்டீங்க. சித்தன் வாசல்ல வடை தின்னுக்கிட்டு நின்னான், அவன் பாட்டனையும் சேத்துக்கிட்டீங்க. ரைட்டரும் இருந்தாரு. நான் உள்ள ஒக்காந்து சிரிச்சேன்.”

பஷீருக்கு மழைச் சத்தம் முதற்கொண்டு ஞாபகம் வந்தது. அந்த மூன்று வாயும் அவர் வாய்தான். ஐயாக்கண்ணு யாரிடம் கேட்டிருப்பான்? சித்தனிடம்தான். யார் சொல்லித் தெரியும் என்று ஒருவரிடமும் கேட்கத் தோன்றவில்லையே! தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருத்தியைத்தான் நம்பாமல் போனார். ஆசியாவைத் தவிர இது யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

ஜீப்பைப் பிடித்துப் போனார். சித்தனின் மருமகள் தனலட்சுமி குடத்தோடு ஊற்றில் குனிந்துகொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் பாவாயி வெறும் குடத்தோடு நின்றாள்.

“நிறுத்தும்மா!” என்றார் பஷீர். மேளம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னார், வடை உள்பட.

சித்தன் முகம் கறுத்துப்போயிற்று. “கடைக்காரருக்குத் தெரியாததான்னு நம்புனமுங்க. எங்க பாட்டன எதுக்குங்க இழுத்தீங்க?”

“நீ எதுர்ல நின்ன. வாய்க்கு வந்துச்சு.”

சித்தன் ஊற்றுப் பக்கம் திரும்பி, “எந்திரிம்மா” என்றான் மருமகளிடம்.

பாவாயி குடத்தோடு முன்னே வந்தாள். “நானும் எங்க மாமியா சொன்னதத்தான் சொன்னேன், நேர்ல பாக்கலீங்க” என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் குனிந்தாள். நிறைகுடத்தோடு ஏறி வரும்போது பஷீர் ஒற்றையடிப் பாதையை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றார். அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாலையைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

கதை மட்டும் திரும்பி வரவில்லை. அது சேலம் வரைக்கும் போயிருந்தது. யாராவது கடைக்கு வந்து, “ஏனுங்க பாய், துரை தொப்பியக் கழட்டுன ஊத்து எங்க இருக்குதுங்க?” என்று கேட்பார்கள்.

“அது நான் போட்ட தொப்பிங்க” என்பார் பஷீர். எத்தனை பேர் கேட்டாலும், சாகிற வரைக்கும், அதைத் தலை நிமிர்ந்து சொல்ல அவரால் முடியவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.