ரெஜினா அக்காவின் கதிரை

செய்தி, வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெர்மனில் வந்தது. சனிக்கிழமை இரண்டாம் மண்டபத்துக்கு ஆள் தேவை என்பது முதல் வரி. ரெஜினா அக்கா இறந்துவிட்டார் என்பது இரண்டாவது.

சுவிஸ் தமிழரான உங்களில் பலருக்கு அவர் மன்னார்க்காரி. பெர்னின் பூம்ப்ளிஸ் பகுதிப் பாடற்குழுவின் உரத்த குரல். நான் அவரை நிற்பவராக மட்டுமே அறிவேன். பெர்னுக்கு வெளியே, முன்பு பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை, இன்று அருங்காட்சியகம். அங்கே அவர் மண்டபக் காவலர். பல்கலைக்கழகம் இல்லாத நாட்களில் நான் பக்கத்து மண்டபத்தில்.

அவருடைய இரண்டாம் மண்டபம் முழுக்க அந்தப் பிரபுக்கள் அமர்ந்த கதிரைகள். தங்க முலாம், பட்டு, சிங்கக் கால்கள். காவலர்கள் எதிலும் உட்கார்ந்து இருக்கக் கூடாது. அக்கா தனக்கென ஒரு சாதாரணக் கதிரை கேட்டார். மண்டபத்தின் அழகு கெடும் என்றார் பொறுப்பாளர். கால் வீங்கியபோது மறுபடியும் கேட்டார். பொறுப்பாளர் "விரைவில்" என்றார்.

"வருமாம், பிள்ளை. கதிரைக்கு நாலு காலெல்லோ, நடந்து வரச் சுணங்கும்" என்று அக்கா என்னிடம் சிரித்தார்.

ஒரு கோடையில், கல்யாணப் படம் எடுக்க வந்த நம்மவர்கள், ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகளின் நடுவே வாடகைச் சிம்மாசனம் ஒன்றை இறக்கினார்கள். தங்க நிறம். மாளிகையின் கதிரை தோட்டத்துக்குப் போய்விட்டதென்று பொறுப்பாளர் பதறி ஓடிவந்தார். அக்காவைத்தான் முதலில் விசாரித்தார்.

"என்னை இருக்கவே விடாதவன், கதிரையைத் தூக்க விடுவானோ?" என்றார் அக்கா, அவர் போன பிறகு. பொறுப்பாளருக்கு விளக்கம் சொல்ல அக்கா தோட்டத்துக்கு இறங்கியபோது, மணப்பெண் அவரை அந்தச் சிம்மாசனத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறாள். "வேலை நேரம், மோளே" என்று மறுத்துவிட்டாராம்.

காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனது என்றார்கள் மருத்துவமனையில்.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அலங்காரக்காரர் அதே வாடகைச் சிம்மாசனத்தைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் துணி போர்த்தி, அதில் அக்காவின் படத்தை வைத்திருந்தார்கள். கதிரை நடந்து வந்து சேர்ந்துவிட்டது.

பொறுப்பாளர் ஜெர்மனில் பேசினார். "எப்போதும் நிமிர்ந்து நின்றவர்" என்று அக்காவின் மகன் அதைத் தமிழில் சொன்னான். சபை தலையசைத்தது. அவருடைய கால்களைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசவில்லை.

படம் குடும்பத்துக்கு. பாட்டு பாடற்குழுவுக்கு. நான் அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, அவர் நின்ற இடத்தில் நின்று, பொறுப்பாளரிடம் ஒரு கதிரை கேட்டேன்.

"விரைவில்" என்றார்.