பால் சுறா

மகள் பிறந்த இரண்டாம் மாதம் எனக்குப் பால் வற்றத் தொடங்கியது. டப்பாப் பால் கொடுத்தால் அவளுக்கு வயிற்றோட்டம் கண்டது. எதைச் செய்தாலும் தவறாகச் செய்கிறேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"சுறாப்புட்டு தின்னா தானா ஊறும். பட்டினப்பாக்கத்துல பால் சுறா கெடைக்கும், போயி வாங்கிட்டு வா," என்றார் மாமியார்.

நான் விலங்கியல் படித்தவள். சுறாவுக்குப் பால் சுரக்காது, அது பெயர் மட்டும்தான் என்றேன்.

"உன் படிப்பு பிள்ளைக்குப் பால் குடுக்குமா?"

பையை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன்.

மீன்கார அம்மாள் ஒரு சுறாவின் வயிற்றைக் கீறினாள். உள்ளே குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கொடியால் தாயோடு பிணைந்திருந்தது.

"எத்தினி வச்சிக்கினு கீது பாரு. நீ ஒண்ணுத்துக்கே வாடிப் போய்க்கீறியே," என்று சிரித்தாள்.

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சில சுறாக்கள் மட்டும் நம்மைப் போலவே கருவைக் கொடி வழியாக ஊட்டி வளர்க்கும். தேர்வில் இதைப் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். பிறந்த குட்டிக்கு அப்போதே பல் இருக்கும். தானே இரை தேடிப் போய்விடும், தாய் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, செத்துக் கிடந்த அந்த மீன் மேல் பொறாமையாக இருந்தது.

மாமியார் சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டு நிறையப் போட்டு வதக்கினார். குமட்டக் குமட்ட விழுங்கினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். படித்ததை நம்புவதா, தட்டில் இருப்பதை நம்புவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றேன்.

அந்த வாரக் கடைசியில் மகள் அழுவது நின்றது. மடியில் கிடந்தவள் மார்பில் வாயை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தியா? வயிறு நெறஞ்சி தூங்குது. நாந்தான் சொன்னேன்லா," என்றார் மாமியார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

நான் மார்பைப் பிதுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு வந்தது, அதற்கு மேல் இல்லை. அழத் தெம்பில்லாமல்தான் அவள் அடங்கிப் போயிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியாக இருக்குமோ என்று அப்போதும் ஒரு எண்ணம் வந்தது. அவளை எழுப்பி அழவைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.