காசிலிங்கம் ஏறிய கப்பல்

என் வீட்டுக்காரர் பெயர் காசிலிங்கம். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். நான் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மனுஷன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

சேரன்மகாதேவியில் காசிலிங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கட்டை போடுத காசி' என்று கேட்டால் எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். வருஷம் முழுக்க அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்குத் தேரோட்டத்தன்று மட்டும் வேறு வேலை. நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்கிற தேர், சொன்னால் நிற்குமா? சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைச் செருகித்தான் நிறுத்த வேண்டும். சாய்த்துப் போட்டால் திரும்பும். முப்பது வருஷமாக அந்த முட்டுக்கட்டையைப் போடுகிறவர் இவர். கையை எடுக்க ஒரு நொடி பிந்தினால் கை இருக்காது. இதுவரை போனது இடது காலின் சுண்டுவிரல் மட்டும்தான். அதையும், "அது கெடந்து என்ன செய்யப் போவுது" என்பார்.

நிறுத்தி நிறுத்தியே புத்தி அப்படி ஆகிவிட்டது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டாலும் சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல் வைப்பார். பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரைவருக்கு முன்னால் இவர் காலால் பிரேக்கை மிதிப்பார். எங்கள் கல்யாணத்தன்று நான் காரை விட்டு இறங்குவதற்குள் மாப்பிள்ளையைக் காணோம். பின் டயருக்குக் கல் தேடப் போயிருந்தார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆளோடு வேகமாக எங்கேயும் போக முடியாது என்று.

ஆனால் அவருக்குள் ஒரு ஆசை இருந்தது. தான் நிறுத்துகிற தேரில் ஒரு தடவை மேலே ஏறி நிற்க வேண்டும். தேரில் ஏறுகிறவர்கள் வேறு, அடியில் குனிகிறவர்கள் வேறு. முப்பது வருஷத் தேரோட்டத்தில் அவர் பார்த்ததெல்லாம் சக்கரம்தான். ஒவ்வொரு வருஷமும் தேர் நிலைக்கு வந்த பிறகு காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"ஏட்டி முத்துராணி, மேல நின்னா நம்ம ஊரு எப்படித் தெரியும்?"

"யாருகிட்டயாவது கேட்டு ஏறிப் பாருங்களேன்."

"அதெல்லாம் கேக்கப்படாது." அதோடு அந்தப் பேச்சு அடுத்த வருஷம்தான்.

இந்த ஆடியில் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. புதிதாக வந்திருந்த நாடக வாத்தியார் ஜெனோ, கடற்கரைக்காரர். அவர் தாத்தா தோணியில் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தவராம். கடல் இல்லாத ஊரில் கடற்கொள்ளையர் நாடகம் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாராவது கொள்ளையடிக்க வேண்டாம் என்பார்களா?

நான்கு சக்கர டிராக்டர் டிரெய்லர் ஒன்று கப்பலானது. சவுக்குக் கம்பம் பாய்மரம். அதில் குறுக்கே கட்டிய மூங்கிலுக்குப் பருமல் என்று பெயர் சொன்னார் ஜெனோ. கப்பலின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். திசை திருப்புகிற சுக்கானுக்கு லாரியின் பழைய ஸ்டியரிங். அது எதையும் திருப்பாது, சும்மா சுற்றும். நங்கூரம் தெர்மாகோல். பாய் தைக்கிற வேலை எனக்கு. பதினைந்து முழக் காடாத்துணியில் இரட்டைத் தையல் போட்டேன். திருஷ்டிப் பூசணிக்குப் படம் போடுகிறவரே பாயில் மண்டையோட்டையும் வரைந்ததால், அது மீசையோடும் நாக்கோடும் வந்து சேர்ந்தது.

டிரெய்லருக்குக் கட்டை போட யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான். வந்தவர் பாயைத் தடவிப் பார்த்தார்.

"ஆடிக் காத்துட்டி. நடுவுல ரெண்டு ஓட்டை வையி. பேனரு கட்டுதவன்கூட வச்சுதான் கட்டுதான்."

என் தையலில் ஓட்டையா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க ஒங்க கட்டையப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜெனோ பிள்ளைகளுக்கு ஆள்வாரியாக வேலை பிரித்தார். கப்பல் தலைவருக்குத் தண்டல் என்று பெயர், அது பிரியதர்ஷினி. சுக்கான் பிடிக்கிற சுக்கானி ஃபஹ்மிதா. சமையல்காரருக்குப் பண்டாரி. பாய் இழுக்கிற கலாசிகள் ஐந்து பேர். எட்டுக் கொள்ளைக்காரிகளுக்கும் ஒற்றைக் கண்ணில் கறுப்புத்துணி. எல்லாவற்றையும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர் மெதுவாகக் கேட்டார்.

"சார், கப்பல நிறுத்துதவன் எங்கன நிப்பான்?"

"நங்கூரம் போடுதவரா? அணியத்துலதான் அண்ணாச்சி, கப்பல் மேல. கீழ நின்னா கடலுக்குள்ளல்லா நிக்கணும்!"

இவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். நிறுத்துகிறவனும் மேலேதான் நிற்பான் என்று ஒருத்தர் சொல்லி இவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார். ஆனால் தலைமையாசிரியை எலிசபெத் மறுநாளே சொல்லிவிட்டார், மாணவிகள் தவிர யாரும் கப்பலில் ஏறக் கூடாது என்று. சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் போய்க் குனிந்தார். எனக்குத்தான் வயிறெரிந்தது.

விழா அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. மேடைக்கு முன்னால் சோபாவில் சிறப்பு விருந்தினர்கள். எதிரே, அவர்களைப் பார்த்து முகம் திருப்பிக் கப்பல். டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏற்பாடு இதுதான்: பாயை விரித்ததும் இவர் கட்டைகளை எடுக்க வேண்டும், நாலு பேர் பின்னாலிருந்து நாலடி தள்ள வேண்டும், திரும்பவும் கட்டை.

"பாயை விரி!" என்று கத்தினாள் பிரியதர்ஷினி. கலாசிகள் இழுத்தார்கள், பாய் விரிந்தது. இவர் கட்டையை எடுத்தார். மேற்கே மலையிலிருந்து கிளம்பி வந்த காற்று மொத்தமும் என் இரட்டைத் தையலில் வந்து விழுந்தது.

தள்ள வந்த நாலு பேரும் குப்புற விழுந்தார்கள். கப்பல் புறப்பட்டுவிட்டது.

கைதட்டினார்கள்! நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். சோபாவுக்கு முப்பதடி இருக்கும்போதுதான் ஒருவர் டீ கப்போடு எழுந்தார். ஃபஹ்மிதா ஸ்டியரிங்கை அந்தச் சுற்றுச் சுற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. எலிசபெத் டீச்சர், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கப்பலைப் பார்த்துக் கத்தினார்.

இரண்டு கையிலும் இரண்டு கட்டையோடு இவர் ஓடினார். முன் வலது சக்கரத்துக்கு ஒரு கட்டையைச் சாய்த்துப் போட்டார், தேரடி முக்கில் போடுவாரே அதே மாதிரி. கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி, முகத்தைத் திருப்பி, சோபாவின் ஓரத்தை உரசிக்கொண்டு காலி மைதானத்துப் பக்கம் போனது. அந்தப் பக்கம் இருநூறு அடிக்கு ஆளும் இல்லை, தடையும் இல்லை. கடைசியில் ஒரு மணல் மேடு, அதற்கப்புறம் காம்பவுண்டு சுவர்.

இன்னும் ஒரு கட்டை கையில் இருந்தது. சக்கரம் பக்கத்திலேயே உருண்டது. போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். போடவில்லை! ஓடிக்கொண்டே என் புருஷன் மேலே பார்த்தார். ஒரு கையால் டிரெய்லர் விளிம்பைப் பிடித்தார். பண்டாரி அகப்பையைப் போட்டுவிட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஏறிவிட்டார்.

பைய நடந்து அணியத்துக்குப் போய் நின்றார். வேட்டி ஒரு பக்கம் பறந்தது, துண்டு எந்தப் பக்கம் போனதென்று இன்றுவரை தெரியவில்லை. பாயில் மண்டையோடு நாக்கை நீட்டிச் சிரித்தது, இவரும் சிரித்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயில் அத்தனை பல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"ஏ தண்டலு! இப்பம் போடட்டுமா?"

"வேண்டாம் மாமா! இன்னும் கொஞ்சம்!"

"இப்பம்?"

"இன்னும் கொஞ்சம்!" எட்டுப் பேரும் சேர்ந்து கூவினார்கள்.

மணல் மேட்டுக்கு இருபதடி இருக்கும்போது பிரியதர்ஷினி கையைத் தூக்கினாள். "நங்கூரம்!"

மேலே இருந்தபடியே முன் சக்கரத்துக்கு நேராகக் கட்டையைப் போட்டார். அளந்து வைத்ததுபோல் விழுந்தது. கப்பல் ஒரு முனகலோடு மணலில் மூக்கை வைத்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தேன். பின்னால் ஜெனோவும் எலிசபெத் டீச்சரும் பாதி ஊரும் வந்தார்கள். எனக்குப் பயத்தில் அழுகை, கூடவே அடக்க முடியாத சிரிப்பு.

"காசிலிங்கம், மொதல்ல கீழ எறங்குங்க" என்றார் டீச்சர்.

யார் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற மனுஷன் அவர். அன்றைக்கு அணியத்தில் நிமிர்ந்து நின்றபடி சொன்னார்:

"தண்டல் சொல்லட்டும் டீச்சர்."

தண்டல் எங்களை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "யாரும் எறங்கப்படாது!"

இவர் குனிந்து என்னிடம் கையை நீட்டினார்.

"பாய் தச்சவ கீழ நின்னா எப்படி? ஏறுட்டி. இங்கன நின்னு பாரு, ஆறுகூடத் தெரியுது."

நான் ஏறினேன்.